ஒரு வான்பொருள் கோளா, இல்லையா? வானியலாளர்கள் முடிவெடுக்கும் முறை, படிப்படியாக

புளூட்டோவைக் கோள்களின் பட்டியலிலிருந்து ஏன் நீக்கினார்கள் என்று விளக்கும் கட்டுரைகள் ஏராளம். பெரும்பாலானவை 2006ஆம் ஆண்டு வாக்கெடுப்பைச் சொல்லி, மூன்று நிபந்தனைகளை அடுக்கி, முடித்துக்கொள்கின்றன. அந்த நிபந்தனைகளை ஒரு வான்பொருளின் மீது எப்படிப் பொருத்திப் பார்க்கிறார்கள், எதை அளக்கிறார்கள், எந்த எண்ணைக் கண்டு முடிவுக்கு வருகிறார்கள் என்பது விடுபட்டுப்போகிறது. இந்த வழிகாட்டி அந்த வேலையைப் பற்றியது. நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். வர்க்கமூலப் பொத்தான் உள்ள கால்குலேட்டர் இருந்தால் போதும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2006ஆம் ஆண்டு வரையறையின் வாசகம் மோசம். அது போட்ட கோடு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. வாசகத்தை மட்டும் வைத்துச் சண்டை போட்டால் அந்தச் சண்டைக்கு முடிவே கிடையாது. எண்களைப் போட்டுப் பார்த்தால் கோடு தானாகவே தெரியும்.

விதி என்ன சொல்கிறது?

சர்வதேச வானியல் ஒன்றியம் 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராக் நகரில் ஏற்றுக்கொண்ட தீர்மானத்தின்படி, நம் சூரியக் குடும்பத்தில் ஒன்று கோளாக இருக்க வேண்டுமென்றால், அது சூரியனைச் சுற்ற வேண்டும். தன் ஈர்ப்பாலேயே ஏறத்தாழ உருண்டை வடிவத்துக்கு வந்திருக்கும் அளவுக்கு நிறை கொண்டிருக்க வேண்டும். தன் சுற்றுப்பாதையின் அண்டைப் பகுதியைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும். முதல் இரண்டில் தேறி மூன்றாவதில் தவறியது, துணைக்கோளாகவும் இல்லாதது, குறுங்கோள். மற்றவை எல்லாம் சூரியக் குடும்பத்தின் சிறுபொருள்கள்: சிறுகோள்கள், வால்மீன்கள் போன்றவை.

தீர்மானம் இதோடு நின்றுவிட்டது. எவ்வளவு உருண்டையாக இருந்தால் உருண்டை, எவ்வளவு துப்புரவாக இருந்தால் துப்புரவு என்று அதில் ஓர் எண்கூட இல்லை. அந்த எண்களைப் பின்னால் வந்தவர்களும், சில வேளைகளில் முன்னாலேயே வந்தவர்களும் தந்திருக்கிறார்கள்.

படி 1: அது எதைச் சுற்றுகிறது?

ஒரு புதிய பொருள் எப்போதும் நகரும் புள்ளியாகத்தான் முதலில் தென்படுகிறது. வெவ்வேறு இரவுகளில் எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டால், விண்மீன்கள் அசையாமல் நிற்க, ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருக்கும். 1930இல் கிளைட் டாம்பா, லோவல் வானாய்வகத்தில் ஜனவரி 23, 29 ஆகிய இரவுகளில் எடுத்த ஒளிப்படத் தகடுகளை மாற்றி மாற்றிப் பார்க்கும் கருவியில் வைத்து, பிப்ரவரி 18 அன்று புளூட்டோவைப் பிடித்தது இப்படித்தான். இன்று அந்த ஒப்பிடும் வேலையைக் கணினி செய்கிறது, தத்துவம் மாறவில்லை.

நகர்வு தெரிந்ததும் சுற்றுப்பாதையைக் கணக்கிட வேண்டும். ஓரிரு இரவுகளின் அளவீடு போதாது. அதை வைத்துப் போடும் பாதை எங்கு வேண்டுமானாலும் போகும். 1801 ஜனவரி 1 அன்று பலெர்மோவில் ஜுசெப்பே பியாசி கண்ட சீரிஸ், சில வாரங்களிலேயே சூரியனின் ஒளிக்குள் போய் மறைந்துவிட்டது. அவரிடம் இருந்த கொஞ்ச அளவீடுகளை வைத்து, இருபத்து நான்கு வயதுக் கணிதவியலாளர் காஸ் புதிய கணித முறை ஒன்றை உருவாக்கி, அது மறுபடி எங்கே தென்படும் என்று சொன்னார். அந்த ஆண்டின் இறுதியில், ஏறத்தாழ அவர் சொன்ன இடத்திலேயே அது கிடைத்தது. புதிய பொருள்களின் அளவீடுகள் இன்று உலகெங்கிலுமிருந்து அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் உள்ள சிறுகோள் மையத்துக்குப் போகின்றன. பாதை நம்பகமானதும் அங்கேதான் நிரந்தர எண் கிடைக்கிறது.

பாதை தெரிந்தால் முதல் கேள்விக்கு விடை பெரும்பாலும் தானாக வந்துவிடும். அது சூரியனைச் சுற்றினால் அடுத்த படி. இன்னொரு கோளைச் சுற்றினால் துணைக்கோள். எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்த வரையறையில் அதற்கு இடமில்லை. வியாழனின் கானிமீடும் சனியின் டைட்டனும் புதன் கோளைவிடக் குறுக்களவில் பெரியவை. ஆனாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகின்றன.

சிக்கல் இரட்டையர்களிடம்தான். புளூட்டோவும் அதன் துணையான சாரனும் ஒன்றையொன்று சுற்றும் பொதுமையம் புளூட்டோவுக்கு வெளியே, வெற்றிடத்தில் இருக்கிறது. இதை வைத்து, பிராக் கூட்டத்துக்கு முதலில் வந்த வரைவு சாரனையும் ஒரு கோளாக்கப் பார்த்தது. அந்த அளவுகோல் எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு இரண்டு உதாரணங்கள். சூரியனும் வியாழனும் சுற்றும் பொதுமையமும் சூரியனின் மேற்பரப்புக்குச் சற்று வெளியேதான் இருக்கிறது. அதற்காக வியாழனை யாரும் விண்மீனின் இணை என்று அழைப்பதில்லை. நிலவோ ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப்போய்க்கொண்டிருக்கிறது. மிகத் தொலைவான எதிர்காலத்தில் பூமி-நிலவு பொதுமையம் பூமிக்கு வெளியே வந்துவிடும். அன்று காலை நிலவு திடீரென்று கோளாகிவிடுமா? அந்த வரைவு தோற்றதில் எனக்கு வருத்தமில்லை.

படி 2: நிறையை அளப்பது

தீர்மானத்தில் இது தனி நிபந்தனை இல்லை. ஆனால் அடுத்த இரண்டு படிகளும் இதை நம்பியே நிற்கின்றன. புளூட்டோவின் கதையை உண்மையில் தலைகீழாக்கியதும் 2006 வாக்கெடுப்பைவிட, 1978இல் நடந்த ஒரு நிறை அளவீடுதான்.

ஒரு வான்பொருளின் நிறையை அறிய நேரான வழி, அதைச் சுற்றும் துணைக்கோளைப் பார்ப்பது. துணைக்கோள் எவ்வளவு தொலைவில், எவ்வளவு நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது என்று தெரிந்தால் கெப்ளரின் மூன்றாம் விதி மீதியைச் செய்துவிடும்: தொலைவின் மும்மடியைக் காலத்தின் இருமடியால் வகுத்தால், நிறைக்கு நேர்விகிதமான எண் கிடைக்கும்.

புளூட்டோ கண்டுபிடிக்கப்பட்டபோது அதற்குத் துணை எதுவும் தெரியவில்லை. அதனால் நிறை வெறும் ஊகமாக இருந்தது. பெர்சிவல் லோவல் தேடச் சொன்ன மர்மக் கோள் பூமியைப்போல் பல மடங்கு நிறை கொண்டது. கிடைத்த புள்ளியோ மங்கலாக இருந்தது. ஆரம்பத்தில் பூமியளவு என்றார்கள், பிறகு செவ்வாயளவு, 1976இல் அதன் மேற்பரப்பில் மீத்தேன் உறைபனி இருப்பது தெரிந்ததும் இன்னும் சுருங்கியது. பனி ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். ஆகவே சிறிய பொருளே அவ்வளவு வெளிச்சம் தர முடியும்.

1978இல் ஜேம்ஸ் கிறிஸ்டி, புளூட்டோவின் படங்களில் ஒரு பக்கம் தள்ளியிருந்த புடைப்பு ஒன்று முறையாக இடம் மாறுவதைக் கவனித்தார். அந்தப் புடைப்புதான் சாரன். அது 19,600 கிலோமீட்டர் தொலைவில் 6.39 நாளுக்கு ஒரு சுற்று வருகிறது. நம் நிலவு 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் 27.3 நாளுக்கு ஒரு சுற்று வருகிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

தொலைவில் சாரன் 19.6 மடங்கு அருகில் இருக்கிறது. மும்மடி எடுத்தால் சுமார் 7,540. காலத்தில் 4.27 மடங்கு வேகம். இருமடி எடுத்தால் சுமார் 18.2. இப்போது 18.2ஐ 7,540ஆல் வகுத்தால் 0.0024. புளூட்டோவும் சாரனும் சேர்ந்தே பூமியின் நிறையில் ஏறத்தாழ நானூறில் ஒரு பங்குதான். சாரனின் பங்கைக் கழித்தால் புளூட்டோவுக்கு மட்டும் 0.0022. பள்ளிப் பாடநூல்களில் நாற்பத்தெட்டு ஆண்டுகள் மற்ற எட்டோடு சரிசமமாக அமர்ந்திருந்த பொருள், நம் நிலவின் நிறையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை என்று தெரிந்தது அன்றைக்குத்தான்.

இதே கணக்கு 2005க்குப் பிறகு, நெப்டியூனுக்கு அப்பால் சுற்றும் ஏரிஸுக்கும் நடந்தது. மைக் பிரௌன், சாட் ட்ருஜிலோ, டேவிட் ரபினோவிட்ஸ் ஆகியோர் பாலோமர் வானாய்வகப் படங்களில் கண்டுபிடித்த ஏரிஸுக்கு டிஸ்னோமியா என்ற துணை உண்டு. அதன் ஓட்டத்தை வைத்து 2007இல் கணக்கிட்டபோது ஏரிஸ் புளூட்டோவைவிட நிறையில் கால் பங்குக்கும் மேல் கூடுதல் என்று தெரிந்தது. புளூட்டோ கோள் என்றால் ஏரிஸும் கோளாக வேண்டும். வரையறை இல்லாமல் இனி காலம் தள்ள முடியாது என்ற நிலை ஏரிஸ் கண்டுபிடிக்கப்பட்டபோதே வந்துவிட்டது.

துணைக்கோள் இல்லாவிட்டால்? விண்கலம் அருகே பறந்தால், அதன் பாதை எவ்வளவு வளைகிறது என்பதிலிருந்து நிறை கிடைக்கும். அதுவும் இல்லாவிட்டால் விட்டத்தை அளந்து, அடர்த்தியை ஊகித்துத் திருப்திப்பட வேண்டியதுதான். விட்டத்தை அளக்க அருமையான வழி ஒன்று உண்டு: அந்தப் பொருள் தொலைவிலுள்ள ஒரு விண்மீனை மறைக்கும் தருணத்துக்காகக் காத்திருந்து, விண்மீன் எத்தனை நொடி காணாமற்போனது என்று பல ஊர்களிலிருந்து குறித்துக்கொள்வது. 2010 நவம்பரில் நடந்த அத்தகைய மறைப்பில்தான் ஏரிஸின் விட்டம் 2,326 கிலோமீட்டர் என்று கிடைத்தது. 2015 ஜூலையில் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவை அருகில் சென்று அளந்து 2,377 கிலோமீட்டர் என்றது. ஆக விட்டத்தில் புளூட்டோ பெரிது, நிறையில் ஏரிஸ் பெரிது.

படி 3: உருண்டையா?

போதுமான நிறை இருந்தால், பாறையோ பனியோ, தன் எடையைத் தாங்க முடியாமல் இளகி, எல்லாப் பக்கமும் மையத்தை நோக்கிச் சரியும். சுழற்சி இருப்பதால் நடுவில் சற்றுப் பருத்து, துருவங்களில் தட்டையாகும். இந்தச் சமநிலை வடிவத்தைத்தான் தீர்மானம் குறிப்பிடுகிறது. வெறும் பந்துபோல் இருப்பது போதாது. ஹௌமேயா என்ற குறுங்கோள் நான்கு மணி நேரத்துக்குள் ஒருமுறை சுழல்வதால் முட்டையைப்போல் நீண்டு கிடக்கிறது, இருந்தும் இந்த வகையில் சேர்க்கப்பட்டது.

இந்தப் படிதான் எனக்குத் திருப்தியில்லாதது. எங்கே கோடு போடுவது? சீரிஸ் சுமார் 940 கிலோமீட்டர் விட்டம், உருண்டை. வெஸ்டா சுமார் 525 கிலோமீட்டர். தெற்கில் பிரம்மாண்டமான மோதல் பள்ளம் ஒன்று அதன் வடிவத்தையே கெடுத்துவைத்திருக்கிறது. பாறைப் பொருள்களை மட்டும் பார்த்தால் கோடு இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ இருப்பதாகத் தோன்றும். ஆனால் பனிப் பொருள்களிடம் வந்தால் குழப்பம். சனியின் மீமாஸ் 400 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, அழகான உருண்டை. நெப்டியூனின் புரோட்டியஸ் அதைவிடச் சற்றுப் பெரிது, கோணல்மாணல். எதனால் ஆனது, உள்ளே எவ்வளவு சூடு இருந்தது, பிறந்த பிறகு எத்தனை அடி வாங்கியது என்பதெல்லாம் சேர்ந்து முடிவாகும் விஷயம் இது.

இன்னும் நெருக்கிப் பிடித்தால் இதைவிடச் சங்கடம். கறாராக அளந்தால் புதன் கோளே அந்தச் சமநிலை வடிவத்தில் இல்லை. அதை யாரும் பட்டியலிலிருந்து எடுக்கப்போவதில்லை. எல்லோரும் “ஏறத்தாழ” என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கடந்துபோகிறார்கள்.

நடைமுறையில் நெப்டியூனுக்கு அப்பால் உள்ளவற்றின் வடிவத்தை நேரில் பார்க்க முடிவதே அரிது. ஆகவே பெயர் சூட்டும் வேலைக்காக ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள்: குறிப்பிட்ட அளவைவிட ஒளி மிக்கதாக இருந்தால், அதாவது எல்லாவற்றையும் ஒரே தொலைவில் வைத்து ஒப்பிடும் ஒளி அளவான தனி ஒளித்தரம் +1ஐ விடப் பிரகாசமாக இருந்தால், குறுங்கோள் என்று கருதிப் பெயரிடலாம். 2008இல் ஹௌமேயாவும் மாக்கிமாக்கியும் அப்படித்தான் உள்ளே வந்தன. சீரிஸ், புளூட்டோ, ஏரிஸ் ஆகியவற்றோடு சேர்த்து ஒன்றியம் அங்கீகரித்தவை ஐந்து. செட்னா, குவாவார், கோங்கோங் போன்றவை தகுதியுள்ளவை என்று பல ஆய்வாளர்கள் எழுதிவந்தாலும், ஒன்றியத்தின் பட்டியல் நீளவில்லை.

படி 4: பாதை யாருடைய ஆட்சியில் இருக்கிறது?

இதுதான் விவாதத்தின் இதயம். “துப்புரவாக்குதல்” என்ற சொல்லைக் கேட்டதும் எழும் ஆட்சேபம் எல்லோருக்கும் தெரியும்: பூமியின் பாதையைக் கடந்து ஆயிரக்கணக்கான சிறுகோள்கள் ஓடுகின்றன, வியாழனின் பாதையிலேயே அதற்கு முன்னும் பின்னும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ட்ரோஜன் சிறுகோள்கள் கிடக்கின்றன, அப்படியானால் இவையும் கோள்கள் இல்லையா?

ஆட்சேபம் சொல்லைத் தாக்குகிறது, பொருளைத் தொடவில்லை. அந்த ட்ரோஜன்கள் தாமாக அங்கே இல்லை. வியாழனின் ஈர்ப்பு பிடித்து வைத்திருப்பதால் இருக்கின்றன. ஒரு பெரும் நிறை தன் பாதையில் எதிர்ப்படும் சிறியவற்றை மூன்றில் ஒன்று செய்துவிடும்: விழுங்கும், வேறெங்காவது வீசும், அல்லது தன் தாளத்துக்கு ஆடவைக்கும். நெப்டியூனும் புளூட்டோவும் இதற்கு நல்ல சாட்சி. புளூட்டோவின் பாதை சூரியனிடமிருந்து 29.7 முதல் 49.3 வானியல் அலகு (சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள சராசரித் தொலைவு ஓர் அலகு) வரை நீண்டு, நெப்டியூனின் தொலைவுக்கு உள்ளேயும் வந்துபோகிறது. இருந்தும் இரண்டும் மோதுவதில்லை. நெப்டியூன் மூன்று சுற்று வரும் நேரத்தில் புளூட்டோ சரியாக இரண்டு சுற்று வருகிறது. அந்தக் கட்டுக்குள்ளேயே அதன் வாழ்க்கை. புளூட்டோவைப்போல இதே மூன்றுக்கு இரண்டு கட்டில் சிக்கிய பொருள்கள் நூற்றுக்கணக்கில் தெரியவந்துள்ளன. அவற்றுக்குத் தாளம் போடுவது நெப்டியூன்; புளூட்டோ அந்தக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர்.

இதை எண்ணாக்கும் முயற்சிகள் வாக்கெடுப்புக்கு முன்பே தொடங்கிவிட்டன. ஆலன் ஸ்டெர்னும் ஹரோல்ட் லெவிசனும் 2002இலேயே ஓர் அளவீட்டை முன்வைத்தார்கள். புளூட்டோவைக் கோளாகவே வைத்திருக்க வேண்டும் என்று இன்றும் உரக்கப் பேசுகிறவர் இதே ஸ்டெர்ன் என்பது இந்தக் கதையின் சுவையான பகுதி. 2006இல் ஸ்டீவன் சோட்டர் வேறு வழியில் போனார்: பொருளின் நிறையை, அதன் பாதைப் பகுதியில் உள்ள மற்ற எல்லாவற்றின் மொத்த நிறையால் வகுத்தார். பூமிக்கு விடை 17 லட்சம். நெப்டியூனுக்குச் சுமார் 24,000. சீரிஸுக்கு 0.33. புளூட்டோவுக்கு 0.08. அதாவது புளூட்டோவின் பகுதியில் கிடக்கும் மற்றவை புளூட்டோவைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கனமானவை.

நீங்களே கணக்கிட ஏற்றது, ழான்-லுக் மார்கோ 2015இல் தந்த சூத்திரம். ஒரு பொருள் தன் விண்மீனின் ஆயுட்காலத்துக்குள் தன் பாதையைத் துப்புரவாக்கும் அளவுக்குக் கனமானதா என்பதே கேள்வி. சூரியனைச் சுற்றும் பொருள்களுக்கு அதை இப்படிச் சுருக்கலாம்:

பூமியை 1 என்று வைத்து நிறையை எடுத்து, 807ஆல் பெருக்குங்கள். சூரியனிடமிருந்து உள்ள சராசரித் தொலைவை வானியல் அலகில் எடுத்து, அதன் 9/8 அடுக்கால் வகுங்கள். விடை 1க்கு மேல் என்றால் கோள். கீழே என்றால் இல்லை.

9/8 அடுக்கு என்றதும் மிரள வேண்டாம். தொலைவுக்கு மூன்று முறை தொடர்ந்து வர்க்கமூலம் எடுத்து, வந்ததை அதே தொலைவால் பெருக்கினால் அதுதான்.

புளூட்டோவுக்குப் போடுவோம். தொலைவு 39.5. வர்க்கமூலம் 6.28; மறுபடி 2.51, மறுபடி 1.58. இதை 39.5ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 62.5. மேலே 807 × 0.0022 = 1.78. வகுத்தால் 0.028. ஒன்றுக்கு வெகு கீழே.

செவ்வாய்க்கு: தொலைவு 1.52, அதன் 9/8 அடுக்கு 1.6. மேலே 807 × 0.107 = 86. விடை 54. எட்டுக் கோள்களில் மிகக் குறைந்த மதிப்பெண் இதுதான். பூமிக்கு, கணக்கே தேவையில்லை, 807. வியாழனுக்கு 40,000 அளவில். மறுபக்கம் சீரிஸுக்கு 0.04, ஏரிஸுக்கு 0.02.

இந்த எண்களை ஒரு வரிசையாக எழுதிவைத்துப் பாருங்கள். தேறியவற்றில் கடைசியானது 54, தேறாதவற்றில் முதலாவது 0.04. இடையில் ஆயிரம் மடங்குக்கும் மேல் வெறுமை. அங்கே ஒன்றும் இல்லை. கோடு 1இல் போட்டாலும் 10இல் போட்டாலும் 0.1இல் போட்டாலும் பட்டியல் மாறாது. உருண்டை வடிவத்தில் இப்படி ஓர் இடைவெளி கிடைக்கவில்லை என்பதை முந்தைய படியில் பார்த்தோம். எட்டு என்ற எண்ணிக்கையை நான் ஏற்பதற்குக் காரணம் இந்த வெறுமைதான்.

சூத்திரத்தைக் கொண்டு விளையாடவும் செய்யலாம். பூமியைப் புளூட்டோவின் இடத்துக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? அங்கே பூமியும் கோளாக இருக்காது என்று விமரிசகர்கள் சொல்வதுண்டு. 807ஐ 62.5ஆல் வகுத்தால் 12.9, தாராளமாகத் தேறுகிறது. செவ்வாயைக் கொண்டுபோனால் 1.4 கிடைத்து, நூலிழையில் தப்பும். நம் நிலவு பூமியை விட்டுவிட்டு, இதே தொலைவில் தனியாகச் சூரியனைச் சுற்றியிருந்தால் 9.9 வாங்கிக் கோளாகியிருக்கும். 2016இல் பாட்டிஜினும் பிரௌனும் இருக்கக்கூடும் என்று கணித்த ஒன்பதாம் கோள், அவர்கள் சொன்னபடி பூமியைப்போல் பத்து மடங்கு நிறையோடு 700 வானியல் அலகு தொலைவில் இருந்தால், விடை சுமார் 5. கிடைத்தால் அது கோள் என்பதில் சண்டை வராது. கிடைக்க வேண்டும், அவ்வளவே.

படி 5: யார் தீர்ப்பு எழுதுவது?

பிராகில் ஆகஸ்ட் 16 அன்று வெளியான முதல் வரைவு, உருண்டையாக இருந்தால் போதும் என்றது. அதன்படி சீரிஸ், சாரன், ஏரிஸ் சேர்ந்து கோள்கள் 12 ஆகியிருக்கும். வரிசையில் இன்னும் பல காத்திருந்தன. உருகுவே நாட்டின் ஹூலியோ ஃபெர்னாண்டஸ், கொன்சாலோ டாங்கிரேடி உள்ளிட்டோர் பாதையின் ஆட்சியையும் சேர்க்க வேண்டும் என்று எதிர் முன்மொழிவு கொண்டுவந்தார்கள். ஒரு வாரம் வாதாடிய பிறகு, உறுப்பினர்கள் மஞ்சள் அட்டைகளை உயர்த்தி வாக்களித்தார்கள். வரையறை பெரும்பான்மையோடு நிறைவேறியது. புளூட்டோவைக் குறுங்கோள்களின் வகைமாதிரியாக ஏற்கும் தீர்மானத்துக்கு ஆதரவு 237, எதிர்ப்பு 157. ஒன்றியத்தின் உறுப்பினர்கள் அப்போது சுமார் பத்தாயிரம் பேர். அறையில் இருந்தவர்கள் சில நூறு பேர். அடுத்த மாதம் புளூட்டோவுக்கு 134340 என்ற சிறுகோள் எண் கிடைத்தது.

அறிவியலில் வாக்கெடுப்பா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. புளூட்டோவின் நிறைக்கு யாரும் வாக்களிக்கவில்லை. பட்டியலுக்கு எந்தப் பெயர் வைப்பது என்பதற்குத்தான் வாக்களித்தார்கள். ஏதாவது ஒரு வழியில் அது முடிவாகித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் புதிய பொருளுக்குப் பெயரிடும் விதியும் பெயரிடும் குழுவும் அது எந்த வகை என்பதைப் பொறுத்தே அமைகின்றன.

இதற்கு முன்பும் பட்டியல் சுருங்கியிருக்கிறது. சீரிஸுக்குப் பின் 1802இல் பாலஸ், 1804இல் ஜூனோ, 1807இல் வெஸ்டா என்று வந்தவை எல்லாம் பல ஆண்டுகள் கோள்களாகவே அச்சிடப்பட்டன. 1845இல் அஸ்ட்ரேயா கிடைத்து, அதற்குப் பின் ஆண்டுதோறும் ஒன்றிரண்டு வரத் தொடங்கியதும், அவற்றைத் தனி வரிசைக்கு மாற்றி எண்ணிட ஆரம்பித்தார்கள். புளூட்டோவுக்கும் இதே கதைதான்: 1992இல் டேவிட் ஜூவிட்டும் ஜேன் லூவும் நெப்டியூனுக்கு அப்பால், புளூட்டோவும் சாரனும் தவிர்த்த முதல் பனிப் பொருளைப் பிடித்தார்கள், அதன் பிறகு கூட்டம் பெருகிக்கொண்டே போனது.

மறுப்பவர்கள் சொல்வது

மறுப்பாளர்களில் பலர் கோள்களின் நிலவியலைப் படிப்பவர்கள். அவர்களுக்கு ஒரு பொருள் எங்கே ஓடுகிறது என்பது இரண்டாம் பட்சம். உள்ளே என்ன நடக்கிறது என்பதே முக்கியம். நியூ ஹொரைசன்ஸ் காட்டிய புளூட்டோவில் நைட்ரஜன் பனிப் பரப்பும் நீர்ப்பனி மலைகளும் மெல்லிய வளிமண்டலமும் இருக்கின்றன. 2017இல் ஒரு குழு முன்மொழிந்த மாற்று வரையறை எளிமையானது: என்றுமே அணுக்கரு இணைவு நடக்காத, தன் ஈர்ப்பால் உருண்டையான பொருள் எதுவானாலும் கோள். இதன்படி நிலவும் டைட்டனும் யூரோப்பாவும் கோள்கள்தான். எண்ணிக்கை நூறைத் தாண்டும்.

இந்தப் பார்வையை நான் மதிக்கிறேன். எரிமலையையும் பனிப்பாறையையும் ஆராய்கிறவருக்கு அது பயன்படும் வகைப்பாடு. ஒரு குடும்பம் எப்படி உருவானது, நிறை எங்கே குவிந்தது என்று ஆராய்கிறவருக்கு அது பயன்படாது. அவர்கள் தங்கள் ஆய்வுரைகளில் டைட்டனைக் கோள் என்று எழுதுவதை ஒன்றியம் தடுப்பதுமில்லை.

மற்ற விண்மீன்களைச் சுற்றுபவை

2006 தீர்மானத்தின் பெரிய ஓட்டை இங்கேதான். அது சூரியனைச் சுற்றுபவற்றுக்கு மட்டுமே பொருந்தும். உறுதியான புறக்கோள்களின் எண்ணிக்கை 6,000ஐத் தாண்டிவிட்டது. தீர்மானத்தை எழுத்துக்கு எழுத்துப் படித்தால் அவற்றில் ஒன்றுகூடக் கோள் இல்லை.

அவற்றுக்கு ஒன்றியத்தின் குழு தனியாக ஒரு செயல்வரையறை வைத்திருக்கிறது. அங்கே கவலை கீழ் எல்லையைவிட மேல் எல்லையைப் பற்றியது. வியாழனைப்போல் சுமார் 13 மடங்கு நிறையைத் தாண்டினால் உள்ளே டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் எரியத் தொடங்கும்; அதற்கு மேல் அது பழுப்புக் குள்ளன், அதாவது கோளுக்கும் விண்மீனுக்கும் இடைப்பட்ட பொருள். 2018இல் இன்னொரு நிபந்தனை சேர்ந்தது: சுற்றும் பொருளின் நிறை, மையப் பொருளின் நிறையில் ஏறத்தாழ இருபத்தைந்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். உருண்டையா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அவ்வளவு தொலைவில் பார்க்க முடியாது.

2024இல் மார்கோ, பிரெட் கிளாட்மன், டோனி யாங் ஆகியோர் இரண்டையும் ஒரே வரையறையில் இணைக்க முன்மொழிந்தார்கள். விண்மீனையோ பழுப்புக் குள்ளனையோ விண்மீனின் எச்சத்தையோ சுற்ற வேண்டும். நிறை பத்தின் 23ஆம் அடுக்குக் கிலோகிராமுக்கு மேல், 13 வியாழன் நிறைக்குக் கீழே இருக்க வேண்டும். உருண்டை என்ற சொல்லே இல்லை. அந்த அளவு நிறையுள்ளது எப்படியும் உருண்டையாகத்தான் இருக்கும் என்பது அவர்கள் வாதம். புதன் அந்த எல்லையைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனம். புளூட்டோ அதில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். பட்டியல் அதே எட்டுதான். கேப் டவுனில் அந்த ஆண்டு கூடிய ஒன்றியத்தின் பொதுச்சபையில் மார்கோ இதை எடுத்துரைத்தார். வாக்கெடுப்புக்கு அது வரவில்லை. எந்த விண்மீனையும் சுற்றாமல் தனியே மிதக்கும் கோள்நிறைப் பொருள்களுக்கு இந்த முன்மொழிவிலும் இடம் கிடையாது.